முதலில் நகையைத் திருப்புங்கள், ஆன்யுட்டி அப்புறம்

கேள்வி: வயது 60. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்துக் கையில் 26 லட்சம். 20 லட்சத்தை ஆன்யுட்டியில் (இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பென்ஷன் திட்டம்) போட்டால் ஆயுள் முழுக்க மாதம் 11,000 வரும், எங்கள் காலத்துக்குப் பிறகு போட்ட முதல் (அசல்) பிள்ளைகளுக்குத் திரும்பும் என்கிறார் ஏஜென்ட். மீதி 6 லட்சத்தை மைத்துனர் கடை வைக்கக் கேட்கிறார். ஏற்கெனவே அவருக்காக மனைவியின் நகையை 6 லட்சத்துக்கு அடகு வைத்து, 12% வட்டியை 3 வருடமாக நானே கட்டி மாற்றி வைக்கிறேன். எந்த ஆன்யுட்டி நல்லது?

பதில்: கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே அந்த நகைக்கடன், அதுதான் உங்கள் பிரச்சினை. 6 லட்சத்துக்கு வருட வட்டி 72,000. மூன்று வருடத்தில் 2,16,000 போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஏஜென்ட் சொல்லும் 11,000-இல் மாதம் 6,000 அடகுக்கடைக்கே போனால் வீட்டுக்கு மிஞ்சுவது 5,000. அதற்காகவா 20 லட்சத்தைப் பூட்டி வைப்பது?

இப்படிச் செய்யுங்கள். 6 லட்சத்தில் நகையைத் திருப்புங்கள். 18 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2025-இல் வட்டி 8.2%. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36,900 வரும், அதாவது மாதம் சுமார் 12,300. மீதி 2 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும். ஐந்து வருடத்தில் அசல் கைக்கு வரும், அப்போது மறுபடி யோசிக்கலாம்.

ஆன்யுட்டி கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் 'முதல் திரும்பும்' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். அந்தச் சலுகைக்காகத்தான் மாதத் தொகையைக் குறைத்திருக்கிறார்கள். விலைவாசி வருடம் 6% ஏறினால், அந்த 11,000-க்கு 12 வருடத்தில் இன்றைய பாதி மதிப்புதான். வயது ஏற ஏற ஆன்யுட்டி விகிதமும் ஏறும். எழுபதை நெருங்கும்போது, உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் தொடரும் வகையில் ஒரு பகுதிக்கு வாங்குங்கள்.

மைத்துனரிடம் பணம் நகைக்குப் போய்விட்டது என்று சொல்லுங்கள். அது உண்மையாகவே இருக்கும். திருப்பிய நகையை மனைவி பெயரில் லாக்கரில் வையுங்கள். மறுபடி அடகு என்ற பேச்சு வந்தால், அது மனைவியின் நகை, முடிவும் அவருடையது.

ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். முத்திரைத்தாள் கட்டணம் போன்ற சிறு பிடித்தம் மட்டும் இருக்கும்.