இடம்பெயர்ந்தவர்களும் விருந்தோம்பட்டும்

"வீடு வாசலை விட்டு வந்தவர்கள் நடுவே விருந்தோம்பல் ஓர் ஆன்மிகப் பயிற்சி ஆகுமா? அதனால் ஒரு சமூகம் உருவாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உருவாகும் என்றே நம்புகிறேன். ஆனால் வந்தவர்களும் உபசரிக்க வேண்டும். நாமும் அவர்களிடம் விருந்தாளியாகப் போக வேண்டும்.

போருக்கும் துன்புறுத்தலுக்கும் தப்பி ஊரைவிட்டு வந்தவர்கள் 2024 முடிவில் உலகெங்கும் 12.32 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் அமைப்பு. பாதிக்கு மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள். முகாமுக்கு வந்து சேர்ந்தால் எல்லாமே கைநீட்டி வாங்குவதுதான். அட்டையைக் காட்டு, வரிசையில் நில், கையெழுத்துப் போடு. வாசலில் நின்று "வாங்க, உட்காருங்க" என்று சொல்லும் உரிமையும் வீட்டோடு போய்விடுகிறது.

தங்குமிடம் ஒன்றில் விவரம் எடுக்கப் போயிருந்தேன். ஓர் அம்மா மடித்து வைத்திருந்த போர்வையை உதறி விரித்து, "முதல்ல உட்காருங்க தம்பி" என்றார். டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் நீட்டினார். வரிசையில் நின்றபோது என்னை "சார்" என்று கூப்பிட்டவர் அவர். குடித்து முடிக்கும்வரை படிவத்தை நான் வெளியே எடுக்கவில்லை.

மக்காவிலிருந்து 622-இல் மதீனாவுக்கு வந்தவர்களை அவ்வூர்க்காரர்களோடு சகோதரர்களாக இணைத்து வைத்தார் நபிகள் நாயகம். அப்படி வந்தவர்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார், அவருடன் இணைக்கப்பட்ட மதீனாக்காரர் ஸஅத். அவரை வாழ்த்திவிட்டு, "சந்தைக்கு வழி காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டார் அப்துர் ரஹ்மான். பாதி சொத்தைத் தர முன்வந்த மனசு பெரிது. வேண்டாம் என்றபோது வருந்தாமல் வழிகாட்டுவதற்கும் அதே அளவு மனசு வேண்டும் என்பேன்.

பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். கொடுக்கும்போது 'நான் கொடுக்கிறேன்' என்ற எண்ணம் எப்படியோ நுழைந்துவிடுகிறது. வாங்கிக்கொள்ளும்போது அது அடங்குகிறது. ஆறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகளுக்கு விதிகள் எழுதிய பெனடிக்ட், ஏழைகளையும் யாத்திரிகர்களையும் தனி அக்கறையோடு வரவேற்கச் சொன்னார். பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடுமாம்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், புதிதாக வரும் குடும்பத்தை வரவேற்கும் பொறுப்பை அதற்கு முன் வந்த குடும்பத்திடம் கொடுங்கள். எந்த அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டுக்கு முன் உங்கள் பிரார்த்தனையை யார்மேலும் திணிக்காதீர்கள். பசியோடு வந்தவரால் மறுக்க முடியாது.