12 பழைய கார்கள், 170 கி.மீ. ஒயின் சாலை: அல்சாஸ் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: லண்டனில் பழைய கார் கிளப் ஒன்றில் இருக்கிறேன். வரும் செப்டம்பரில் 12 கார்கள், 24 பேர், பிரான்ஸின் அல்சாஸ் ஒயின் பகுதிக்கு ஒரு வாரம் போகிறோம். எல்லாமே 1950, 60களின் வண்டிகள். என்னுடையது மோரிஸ் மைனர். பாதை போடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம்? ஓட்டுகிறவர்கள் ஒயின் ருசிப்பதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: தூரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1953இல் திறக்கப்பட்ட அல்சாஸ் ஒயின் சாலை, வடக்கே மார்லன்ஹைமில் தொடங்கி, வோஜ் மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கே தான் என்ற ஊர் வரை போகிறது. மொத்தமே 170 கி.மீ. ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். மூன்று நாள் கொடுங்கள்.

காரணம் உங்கள் எஞ்சின். சில நிமிடத்துக்கு ஓர் ஊர் வரும். ஊருக்குள் கல் பாவிய குறுகல் தெரு. செப்டம்பர் திராட்சை அறுவடைக் காலம் என்பதால் முன்னால் ஒரு டிராக்டர் நிச்சயம். முதல் கியரிலேயே ஊர்ந்தால் வெப்பமானி முள் மெல்ல மேலே ஏறும். பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருக்க அட்டவணையில் இடம் வேண்டும்.

12 கார்களும் வரிசையாகப் போவது படத்துக்குத்தான் அழகு. மூன்று மூன்றாகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் அனுப்புங்கள். ஒவ்வொரு காரிலும் அச்சடித்த பாதைக்குறிப்பு இருக்கட்டும். திருப்பம் வந்தால், பின்னால் வரும் கார் கண்ணில் படும் வரை நின்று பிறகு திரும்புவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் யாரும் தொலைய மாட்டார்கள். ரிக்வீர் போன்ற ஊர்களின் பழைய பகுதிக்குள் கார் போக முடியாது. 12 வண்டிக்கு வெளியே இடம் வேண்டுமென்று அந்தந்த ஊர் நகராட்சிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சரி, ஒயினுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.8 கிராம் ஆல்கஹால் வரை அனுமதி. பிரான்ஸில் 0.5 கிராம்தான். உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2. ஆகவே லண்டன் கணக்கு அங்கே செல்லாது. ரீஸ்லிங், சில்வானர், பீனோ கிரி, கெவுர்ஸ்த்ரமீனர் என்று ஆறேழு கிளாஸ் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டே மிடறு என்றாலும் கூட்டிப் பார்த்தால் கூடிவிடும். மேஜையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். வாயில் சுழற்றித் துப்புவது அங்கே அவமரியாதை இல்லை, தொழில் தெரிந்தவர் செய்வதும் அதைத்தான். விருந்தாளியாகப் போன வீட்டில் துப்புவதா என்று வளர்ந்த நமக்கு முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், ருசிப்பதை மாலை ஐந்து மணிக்குத் தங்கும் ஊரிலேயே வைத்துக்கொண்டு, அறைக்கு நடந்து போவதுதான் உத்தமம். எகிஷைம் இதற்குத் தோது. வளையம் வளையமாகத் தெருக்கள் கொண்ட சின்ன ஊர். அறுவடை சமயத்தில் சிறிய தோட்டக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பதால் முன்பதிவு இல்லாமல் 24 பேர் போய் நிற்காதீர்கள். தேதியை ஜூனுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

பகலில் என்ன செய்வது? கார்க்காரர்களுக்கு அல்சாஸ் புனித பூமி. 1909இல் எத்தோரே புகாட்டி தொழிற்சாலை தொடங்கிய மோல்ஷைம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. தெற்கே மூலூஸ் நகரின் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள கார்கள் ஷ்லும்ப் சகோதரர்கள் என்ற நூலாலை முதலாளிகள் ரகசியமாகச் சேர்த்தவை. 1977இல் ஆலையைக் கைப்பற்றிய தொழிலாளர்கள் உள்ளே வரிசை வரிசையாக நின்ற கார்களைக் கண்டு திகைத்தார்கள். உலகில் மிஞ்சியுள்ள ஆறு புகாட்டி ராயல் கார்களில் இரண்டு அங்கேதான் உள்ளன.

போகும் வழியில் முதல் இரவை ரீம்ஸில் கழியுங்கள். பிரெஞ்சுத் துறைமுகமான கலேயிலிருந்து சுமார் 270 கி.மீ. ஊருக்கு மேற்கே டி27 சாலையோரம், 1966 வரை பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ நடந்த பந்தயப் பாதையின் பிட் கட்டடமும் (பந்தயத்தின் நடுவே கார்களைக் கவனிக்கும் இடம்) பார்வையாளர் மாடமும் பழைய விளம்பர எழுத்துகளோடு அப்படியே நிற்கின்றன. மோரிஸ் மைனரை அங்கே நிறுத்திப் படம் எடுக்காமல் வராதீர்கள்.

பெட்ரோல் பங்கில் எஸ்பி98 போடுங்கள். இ10 என்று எழுதியதில் எத்தனால் 10 சதவீதம் வரை இருக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. சுங்கச்சாவடி இயந்திரம் இடது பக்கம் இருக்கும் என்பதால் பணம் கட்டுவது பக்கத்து சீட்டுக்காரர் வேலை. முந்தும்போது எதிரே பார்த்துச் சொல்வதும் அவரே.

கடைசியாக, வாங்கி வருவது. பிரிட்டனுக்குள் பெரியவர் ஒருவர் வரியில்லாமல் 18 லிட்டர் நுரைக்காத சாதா ஒயின் கொண்டுவரலாம். அதாவது 24 பாட்டில். இரண்டு பேருக்கு 48 பாட்டில் என்றால் 60 கிலோவைத் தாண்டும். மைனரில் மூன்றாவதாக ஓர் ஆளை ஏற்றியதற்குச் சமம். பின்சக்கர ஸ்பிரிங்கை ஊரிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.