சர்க்கரைக்குப் பதில் பழ விழுது: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: பேரீச்சம்பழ விழுதுக்கு அளவு சொல்லுங்க அக்கா. மிக்ஸியில அரைபடாம சும்மா சுத்துது.

பதில்: மெத்துனு இருக்கிற பழம் 250 கிராம். கொட்டை எடுத்த பாக்கெட்டுனாலும் ஒவ்வொண்ணா பிளந்து பாருங்க, ஒண்ணு ரெண்டு கொட்டை தப்பி வரும். கொதிக்கிற தண்ணி ஒரு டம்ளர் (200 மில்லி) ஊத்தி அரை மணி நேரம் மூடி வைங்க. ஊறின தண்ணியைக் கொட்டாதீங்க, இனிப்பு அதுலயும் இறங்கியிருக்கும். சின்ன ஜாரில் பாதி மட்டும் போட்டு, அந்தத் தண்ணியையே ரெண்டு ரெண்டு ஸ்பூனா விட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க. சும்மா சுத்தினா பிளேடுல பழம் படலைனு அர்த்தம். ஓரத்தை வழிச்சு விட்டு மறுபடி ஓட்டுங்க. மொத்தம் 130 மில்லி போதும்.

திருவொற்றியூர்: விழுது லேசா கரிக்குது. பழம் சரியில்லையா?

பதில்: போர் தண்ணியில ஊற வெச்சிருப்பீங்க. நம்ம கடலோரத்துல அது உப்புதானே! கேன் தண்ணி எடுங்க.

வியாசர்பாடி: கேக் நடுவுல வேகாம களியா நிக்குது.

பதில்: விழுதுல கிட்டத்தட்ட பாதி தண்ணி. 100 கிராம் சர்க்கரை இனிப்புக்கு 200 கிராம் விழுதாவது வேணும், அதோட 90 மில்லி தண்ணி உள்ளே போகுது. பாலை அந்த அளவுக்குக் குறைங்க. மேல்பக்கம் சீக்கிரம் சிவக்கும், அதனால சூட்டை 10 டிகிரி இறக்கி, கூட நேரம் விடுங்க.

ராயபுரம்: வாழைப்பழ விழுது கறுத்துடுதே?

பதில்: தோலோட இட்லி குண்டானில் 8 நிமிஷம் வேக வெச்சு அரைங்க. கறுக்க வைக்கிற நொதி சூட்டுல அடங்கிடும். இனிப்புக்குக் கற்பூரவள்ளிதான், அதுவும் நல்லா கனிஞ்சது.

பெரம்பூர்: மாம்பழ விழுது விட்டதும் பாயசம் திரிஞ்சு போச்சு.

பதில்: கொதிக்கிற பாலும் புளிப்பும் சேராது. இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் கலக்குங்க. பச்சை அன்னாசி மட்டும் வேண்டவே வேண்டாம், ஆறின பாலையும் கசக்க வெச்சிடும்.

எண்ணூர்: அப்பாவுக்கு சுகர். இதைக் கொடுக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?

பதில்: பழத்துல இருக்கிறதும் சர்க்கரைதான்மா. பேரீச்சை விழுது ஒரு மேசைக்கரண்டியில 7 கிராமாவது இருக்கும். டாக்டர் சொன்ன கணக்குல அதையும் சேருங்க. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். ஐஸ் டிரேயில் உறைய வெச்சா மூணு மாசம். ஈரக் கரண்டி போடாதீங்க. மூடி திறக்கும்போது புஸ்ஸுனு காத்து வந்தாலோ, கள்ளு வாடை அடிச்சாலோ ருசி பார்க்காம கொட்டிடுங்க.