பெற்றோர் பேசும் விதம் பிள்ளைகள் தங்களைப் பற்றி நினைப்பதை மாற்றுமா?

மாற்றும். அதிலும் நம்மிடம் நேரடியாகச் சொன்னதைவிட, நம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் சொன்னதுதான் ஆழமாக இறங்குகிறது என்பேன். திட்டினால் எதிர்த்துப் பேசலாம், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கலாம். விருந்தாளியிடம் சொல்லும் வார்த்தைக்கு என்ன செய்வது?

எனக்குப் பத்து வயது இருக்கும். ஊரிலிருந்து வந்த அத்தைக்குக் காபி கொண்டுபோனேன். டபராவிலிருந்து கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. அம்மா கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே, "இவளுக்குக் கை நிதானம் கிடையாது அண்ணி, எதைக் கொடுத்தாலும் இப்படித்தான்" என்றார். அவ்வளவுதான். பிறகு பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டைத் தொட்டாலே என் கை நடுங்கியது. இன்றுவரை ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

அம்மாவைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று பயந்த தலைமுறை அது. நாலு பேர் முன்னால் ஒரு படி குறைத்துச் சொல்வதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

அண்ணன் கதை நேர் எதிர். "கணக்கில் இவன் புலி" என்று அப்பா மளிகைக்கடை வரை சொல்லிவைத்திருந்தார். பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மதிப்பெண் இருந்த காலம். கணக்கில் 200-க்கு 200 வாங்கினான். பொறியியல் முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர். இரண்டு வருடம் வீட்டில் மூச்சுவிடவில்லை.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அவன் நினைவுதான் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோருமே சறுக்கினார்கள். எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்று முன்பின் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்கள் "புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்களில்தான் அதிகம். யாரென்றே தெரியாதவரிடம்கூட அந்தப் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அண்ணனுக்கோ மளிகைக்கடைக்காரர் வரை தெரிந்தவர்கள்.

போன பொங்கலுக்கு அந்தக் காபி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"நானா சொன்னேன்? உன் அத்தை காபியே குடிக்க மாட்டாரே!"