அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைகிறதா?

படிக்கும் அறையில் அசையாமல் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது, ஆள் இருப்பதைப் பார்த்து விளக்கைப் போட்டு அணைக்கும் சென்சாரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். சென்சாரில் பழுது இல்லை. உங்களிடம் இருப்பது பிஐஆர் வகை. உடல் சூடு இடம் மாறுவதைத்தான் அது கவனிக்கும். புத்தகமும் கையுமாக உட்கார்ந்தவர் அதற்கு நாற்காலி மாதிரிதான். மே மாத வெயிலில் அறையே 36 டிகிரிக்குப் போனால் நடப்பவரைக்கூடச் சில சமயம் கோட்டைவிடும்.

அந்த அறைக்கு எம்எம்வேவ் (மில்லிமீட்டர் அலை) ரேடார் சென்சார் வாங்குங்கள். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதே அதற்குப் போதும். ஆனால் நம் வீட்டு சீலிங் ஃபேன் இருக்கிறதே, அதையும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். முதலில் நான் கூரையில்தான் மாட்டினேன். ஆளில்லாத அறையில் விடிய விடிய விளக்கு எரிந்தது. அப்புறம் ஃபேன் அதன் பார்வையில் படாதபடி, மேசை உயரத்தில் சுவரில் மாட்டினேன், சரியாகிவிட்டது. பிளைவுட் தடுப்பைத் தாண்டியும் பார்க்கும், அதனால் தூர அளவைக் குறைத்து வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு யுஎஸ்பி மின்சாரம் வேண்டும். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா பாருங்கள்.

பழைய பிஐஆரைத் தூக்கிப் போடாதீர்கள். படிக்கட்டுப் பக்கம், ஆள் அதை நோக்கி வராமல் குறுக்கே கடக்கும்படி மாட்டுங்கள். அங்கே ரேடார் வீண் செலவு.