குடியேறப் போகிறீர்களா? முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

கணவருக்கு வேலூரை அடுத்த காட்பாடிக்கு மாற்றல். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். சத்துவாச்சாரியில் வீடு பார்ப்பதா, காந்தி நகரிலா? (திருவள்ளூர் வாசகி)

பள்ளிக்கூடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சத்துவாச்சாரி பாலாற்றின் ஒரு கரை, காந்தி நகர் எதிர்க்கரை. எந்தக் கரையில் பள்ளியோ அந்தக் கரையில்தான் வீடு. காலை 8 முதல் 9.30 வரை பாலமும் சரி, காட்பாடியில் சித்தூர் பஸ் நிலையத்தைச் சுற்றிய சாலையும் சரி, நெருக்கித் தள்ளும். நாலைந்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போய்விடும். பாலத்தைக் கடக்கத்தான் வேண்டுமென்றால் கணவர் கடக்கட்டும், பிள்ளைகள் வேண்டாம். காந்தி நகர்ப் பக்கம் விஐடி பல்கலைக்கழக மாணவர்களால் வாடகை ஏறிக் கிடக்கிறது. ஒரே வீட்டை நான்கு மாணவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விட்டால் வீட்டுக்காரருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, குடும்பத்துக்கு ஏன் குறைக்கப் போகிறார்? சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியப் பகுதி குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் பிள்ளைகள் சைக்கிளில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கும் வீடு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். எந்த வீடானாலும் மே மாதத் தண்ணீர் நிலவரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வட ஆற்காட்டில் குடும்பத்தோடு வாழ நல்ல ஊர் எது? (பெயர், ஊர் இல்லை)

யாருக்கு என்ன வேலை, பிள்ளைகளுக்கு என்ன வயது, கையில் எவ்வளவு பணம், ஒன்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

அப்பா அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுக்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

வேண்டாம். ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்கள் வெளியூர் நோயாளிகளுக்கான லாட்ஜுகளால் நிறைந்தவை. வாடகை அதிகம், இரவும் பகலும் சத்தம், காரை நிறுத்த இடம் கிடையாது. தொரப்பாடி, பாகாயம் பக்கம் பாருங்கள், ஆட்டோவில் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அந்தப் பக்கமே இருக்கிறது. தரைத்தளமாகப் பாருங்கள். வாசலில் எத்தனை படி என்று எண்ணுங்கள்.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மனை மலிவாக வருகிறது. போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தோம், 600தான் காட்டியது. வாங்கி வீடு கட்டலாமா? (ஆற்காடு வாசகர்)

இதே கேள்வி எத்தனை முறைதான் வரும்! டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. அந்தப் பக்கத்து ஆலைக் கழிவில் வரும் நச்சு உலோகம் குரோமியம். குடிநீரில் அதற்கு உச்ச அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதைப்போல இருபது மடங்கு இருந்தாலும் மொத்தம் 1 மில்லிகிராம்தான். உங்கள் மீட்டரில் 600, 601 ஆகும், அவ்வளவே. அந்தப் பக்கம் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, மழைக்கு மழை மண்ணுக்குள் இறங்கியது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பே வந்தது. இதெல்லாம் தெரிந்த ஊரில் இருந்துகொண்டு முந்நூறு ரூபாய் மீட்டரை நம்பி மனை வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதன்பிறகு மாதிரி பிடியுங்கள். குழாயில் தங்கிய தண்ணீரைப் பிடித்தால் குழாயைச் சோதித்ததாகத்தான் ஆகும். உலோகச் சோதனைக்கும் கிருமிச் சோதனைக்கும் தனித்தனி பாட்டில், இரண்டையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். கிருமிக்கான பாட்டிலை ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். 'குடிக்கலாமா பாருங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், மொத்த குரோமியம், ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. மே மாதம் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை. ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லேசாக மஞ்சள் தட்டினால் குரோமியமாக இருக்கலாம், அந்த மனையை அன்றே மறந்துவிடுங்கள். மஞ்சள் இல்லை என்பதால் நல்ல தண்ணீர் என்றும் ஆகிவிடாது. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பல்லையும் கவனியுங்கள். வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக இருந்தால் ஃப்ளோரைடாக இருக்கலாம். எட்டு வயதுக்குள் விழுந்த கறை தேய்த்தால் போகாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியமும் ஃப்ளோரைடும் சாகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டி இரண்டையும் பெருமளவு குறைக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் மெம்பரேன் என்ற சவ்வு பழசானால் உங்களுக்குத் தெரியாமலே விட்டுவிடும். சோதனைச் சீட்டு இரண்டும் கைக்கு வரும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

மேல்மாடி வீடு ஆயிரம் ரூபாய் குறைவு. எடுக்கலாமா? (சென்னை வாசகி)

வேலூர் வெயில் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். மேலே நேரடியாக மொட்டை மாடி, படுக்கையறைக்கு மேற்குச் சுவர் என்றால் மிச்சமாகும் ஆயிரத்தை ஏசி கரண்ட் பில் விழுங்கிவிடும். மதியம் 3 மணிக்குப் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் இரவு பத்து மணிக்கும் அறை ஆறாது. மே மாதத்தில் பார்த்தால் இன்னும் நல்லது.

ஏலகிரியில் குடியேறிப் பிள்ளைகளை வளர்க்கலாமா? (ஓசூர் வாசகர்)

அவசர ஆஸ்பத்திரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். விடுமுறைக்குப் போய் வாருங்கள்.

சென்னையில் வேலை. தினமும் ரயிலில் போய்வர அரக்கோணமா, காட்பாடியா? (வாலாஜா வாசகர்)

அரக்கோணம். சென்னை 70 கிலோமீட்டர்தான், புறநகர் மின்சார ரயில் உண்டு. காட்பாடி 130. வீட்டுப் படியிலிருந்து அலுவலக நாற்காலி வரை போக வரக் கணக்குப் போட்டால் ஐந்தாறு மணி நேரம். பிள்ளை தூங்கும் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

விளம்பரத்தில் 'வேலூர் மாவட்டம்' என்கிறார்கள், இடமோ ஆம்பூரில். ஏமாற்றா? (ஆரணி வாசகர்)

பழைய பழக்கமாக இருக்கலாம். 2019 பிரிவினைக்குப் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். பத்திரத்தில் சர்வே எண்ணும் கிராமப் பெயரும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார். சட்டப்படி சரியா? (காட்பாடி வாசகி)

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி மூன்று மாத வாடகைதான். ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். மோட்டார் கரண்ட் யார் கணக்கு, கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது, இரண்டையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.