லாகின் ஏன் கலைகிறது?

கேள்வி: காலண்டர் அச்சகம் நடத்துகிறோம். ஏஜென்ட்டுகள் எங்கள் இணையதளத்திலேயே டிசைன் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியிட்டதும் கூட்டம் தாங்காமல் சைட் படுத்துவிடும். அதனால் இந்த வருடம் இரண்டாவது சர்வர் வாங்கி, வருகிற கோரிக்கைகளை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் என்ஜின்எக்ஸ் மென்பொருளை வைத்தோம். வேகம் கூடியது. ஆனால் லாகின் செய்த ஏஜென்ட் அடுத்த பக்கத்துக்குப் போனாலே மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. பழையபடி ஒரே சர்வருக்குப் போய்விடலாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: வேண்டாம். பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். கடிதத்தோடு அனுப்பிய கான்ஃபிக் ஃபைலைப் பார்த்தேன். எந்தெந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் இரண்டு சர்வர் வரிகள், வேறொன்றும் இல்லை. அப்படி விட்டால் முதல் கோரிக்கை முதல் சர்வருக்கு, அடுத்தது இரண்டாவதற்கு என்று என்ஜின்எக்ஸ் முறை வைத்து அனுப்பும். ஏஜென்ட் லாகின் செய்தது முதல் சர்வரில். உங்கள் சைட்டை இயக்கும் பிஎச்பி, அந்த செஷனை (யார் லாகின் செய்திருக்கிறார் என்ற குறிப்பை) அதே மிஷினின் டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதி வைத்துக்கொண்டது. அடுத்த கிளிக் இரண்டாவது சர்வருக்குப் போகிறது. அதற்கு இவர் யாரென்றே தெரியாது. ஒரு டாக்டர் நோயாளியின் குறிப்பைத் தன் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டுப் போனால், மறுநாள் வருகிற டாக்டர் மறுபடி முதலிலிருந்துதானே கேட்பார்?

யாரைக் கேட்டாலும் “ஐபி ஹாஷ் போடுங்கள்” என்பார்கள். ஒரே முகவரியிலிருந்து வருபவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் வழி அது. ஒரு வரிதான், உடனே வேலையும் செய்யும். நானும் ஒரு நிறுவனத்துக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் ராத்திரி போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மிஷின் மூச்சுத் திணறுகிறது, பக்கத்து மிஷின் சும்மா உட்கார்ந்திருக்கிறது. யார் யார் வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் லாகைத் திறந்தேன். வரிக்கு வரி ஒரே ஐபி முகவரி! என்ஜின்எக்ஸுக்கு முன்னால் அவர்கள் இன்னொரு ப்ராக்ஸியை (கோரிக்கையை வாங்கித் தன் முகவரியிலிருந்து அனுப்பும் இடைத்தரகரை) வைத்திருந்தார்கள். ஊரே வந்தாலும் எங்கள் கண்ணுக்கு ஒரே ஆளாகத்தான் தெரிந்தது. உண்மையான முகவரியை எடுக்கும் ரியல் ஐபி மாட்யூலைச் சேர்த்த பிறகுதான் பாரம் பிரிந்தது. அப்போதும் முழுமையாக இல்லை. ஐபிவி4 முகவரியில் நான்கு எண்கள் இருக்கின்றன அல்லவா, ஐபி ஹாஷ் அதில் முதல் மூன்றை மட்டும்தான் பார்க்கும். ஒரே அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் போய் விழுவார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, செஷனை இரண்டு சர்வரிலிருந்தும் வெளியே எடுத்துவிடுங்கள். தகவலை நினைவகத்தில் வைத்துக் கேட்டதும் கொடுக்கும் ரெடிஸ் என்ற மென்பொருள் ஒன்றைப் பொதுவாக நிறுவி, இரண்டு பிஎச்பியும் அதில்தான் செஷனைப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்று அமைத்துவிட்டால் போதும், எந்த சர்வர் பதில் சொன்னாலும் ஏஜென்ட்டை அடையாளம் தெரியும். ஏஜென்ட் ஏற்றுகிற லோகோ ஃபைல்களையும் பொதுவான ஒரே இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த கடிதம் “படம் பாதி நேரம் தெரியவில்லை” என்று வரும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ஒரு சர்வர் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு முறை தவறினாலே என்ஜின்எக்ஸ் அதைப் 10 விநாடி ஒதுக்கி வைத்து, மற்றதிடம் கேட்கும். பக்கம் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஆர்டர் போடும் போஸ்ட் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தவறினால், அதை இன்னொரு சர்வருக்குத் தானாக அனுப்பாது. முதல் சர்வர் ஆர்டரை எழுதிவிட்டுச் செத்திருக்கலாம்; மறுபடி அனுப்பினால் 5,000 காலண்டர் 10,000 ஆகிவிடும். இந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். கான்ஃபிக் ஃபைலில் “non_idempotent” என்ற சொல்லைச் சேர்த்து இதை மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்புவதாக) வைத்த நாளிலிருந்து பெரிய படங்களை ஏற்றினால் 413 என்று பிழை வருகிறது. அப்ளிகேஷனில் 20 எம்பி வரை அனுமதித்திருக்கிறோம்.
- வாசகி, கோவை

பதில்: அப்ளிகேஷன் வரை அந்தப் படம் போகவே இல்லை. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி மட்டும். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற வரியில் 20 எம்பி என்று போடுங்கள்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் வைத்தால், ஏற்கெனவே ஓடுகிற அப்பாச்சி வெப் சர்வரை எடுத்துவிட வேண்டுமா?
- மாணவர், திருநெல்வேலி

பதில்: அவசியமில்லை. ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்ற கேள்வி 1999-ல் பெரிதாகப் பேசப்பட்டது. ரஷ்யாவில் இகோர் சிசோயெவ் அதற்கு விடையாகத்தான் 2002-ல் என்ஜின்எக்ஸை எழுதத் தொடங்கி, 2004-ல் வெளியிட்டார். மெதுவான போன் இணைப்புகளைக் காத்திருந்து கவனிப்பதில் அது கெட்டிக்காரன். அதை முன்னால் நிறுத்தி, உள்ளே அப்பாச்சி தன் வேலையைப் பார்க்கட்டும். வந்தவரின் உண்மையான முகவரியை கோரிக்கையோடு போகும் எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் என்ற ஹெட்டர் வரியில் அனுப்பவும், அப்பாச்சி அதைப் படிக்கும்படி அமைக்கவும் மட்டும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால், இரண்டும் ஒரே மிஷினில் இருந்தால், அப்பாச்சியின் லாகில் வருகிறவர் எல்லோருமே 127.0.0.1-தான், அதாவது அந்த மிஷினேதான்.